விலை பெறாத இசை

விமான நிலையத்திலும் வணிக வளாகத்திலும் எவரும் கவனியாமலே ஒலித்துக்கொண்டிருக்கும் மெல்லிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடியபோது நான் சென்றடைந்த பெயர் எரிக் சாத்தி.

பிரான்ஸின் ஓன்ஃப்ளூர் துறைமுக நகரில் 1866-இல் பிறந்த அவர், ஆறு வயதில் தாயை இழந்தார். பாரிஸ் இசைக் கல்லூரி ஆசிரியர்கள் அவரைச் சோம்பேறி என்றே மதிப்பிட்டனர். மோன்மார்த்ர் பகுதியின் கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தார். 1888-இல் 'ஜிம்னோபெதி' என்னும் மூன்று சிறு படைப்புகளை எழுதினார். வாக்னரின் பேரோசை ஐரோப்பாவை ஆட்கொண்டிருந்த காலம் அது. சாத்தியோ சில சுரங்களையும் அவற்றுக்கு இடையிலான அமைதியையும் கொண்டே ஒரு மனநிலையை உருவாக்கினார்.

1898-இல் பாரிஸின் தெற்கே, தொழிலாளர் வாழ்ந்த ஆர்க்கேயில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்தார். விடுதிகளுக்கு ஏறத்தாழ 10 கி.மீ. நடந்தே சென்று வந்தார். 39-ஆவது வயதில், இளைஞர்களோடு அமர்ந்து இசை இலக்கணம் பயில ஸ்கோலா கான்டோரம் பள்ளியில் சேர்ந்தார். 1908-இல் பட்டயம் பெற்றார். வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு அவர் வாழ்வில் மிகவும் உவப்பான பகுதி இதுவே.

1917-இல் காக்தோ, பிகாசோ ஆகியோருடன் இணைந்து உருவாக்கிய 'பராத்' என்னும் நடன நாடகத்தில் தட்டச்சுப் பொறி, சங்கொலி, துப்பாக்கிச் சத்தம் ஆகியன இசைக்கருவிகளாயின. அரங்கில் கூச்சல் எழுந்தது. இகழ்ந்து எழுதிய விமர்சகருக்கு வசை அஞ்சலட்டை அனுப்பியதால் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 1920-இல், நாற்காலி மேசைபோல் அறையில் இருந்தால் போதும், கேட்க வேண்டியதில்லை என்ற நோக்கில் 'அறைகலன் இசை'யை அரங்கேற்றினார். மக்களோ அமைதியாக அமர்ந்து கேட்கலாயினர்! பேசுங்கள், நடமாடுங்கள் என்று அவர் வற்புறுத்த வேண்டியதாயிற்று.

1925 ஜூலை 1 அன்று மறைந்தார். 27 ஆண்டுகளாக எவரையும் அனுமதியாத அந்த அறைக்குள் நண்பர்கள் நுழைந்தபோது கண்டது வறுமையையும் குடைக் குவியலையும்தான்.

அவர் வாழ்நாளில் அச்சேறாத ஒருபக்கப் படைப்பு 'வெக்சாசியோன்'. அதை 840 முறை வாசிப்பது பற்றிய குறிப்பு அதிலேயே உண்டு. 1963-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ், பியானோ கலைஞர்கள் பலரை மாறி மாறி அமர்த்தி, 18 மணி நேரத்துக்கும் மேலாக அதை வாசிக்கச் செய்தார். நுழைவுக் கட்டணம் 5 டாலர். இருந்து கேட்ட ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தரப்பட்டது. கேட்பதும் ஓர் உழைப்பே என்பதை உணர்த்திய இந்த ஏற்பாடு, பொருளியல் கற்பித்த என்னை இன்றும் சிந்திக்க வைக்கிறது.

ஒருவர் செய்யும் செயலின் பயன் சந்தைக்கு வெளியே பிறரைச் சென்றடைவதைப் புறப்பயன் என்கிறோம். சாத்தி தேடலின் செலவைத் தனியே சுமந்தார். பயனை, 1978-இல் விமான நிலையங்களுக்கான இசையை வெளியிட்ட பிரையன் ஈனோ முதல் இன்றைய சூழலிசைக் கலைஞர் வரை பலரும் பெற்றனர். இத்தகைய தேடலுக்கு உரிய விலையைச் சந்தை உரிய காலத்தில் தருவதில்லை. ஆகவே, சோதனை முயற்சிகளுக்குச் சிறு தொகையேனும் ஒதுக்குவது அரசுகளும் அறக்கட்டளைகளும் வழங்கும் தானமன்று. சமுதாயம் தனக்கே செய்துகொள்ளும் முதலீடு. நிதி வழங்க இயலாத நாம், பழக்கமற்ற ஓசையை வெறும் இரைச்சலென ஒதுக்குமுன் 20 நிமிடம் செவிகொடுக்கலாம்.