காடு தந்த விடுதலை: ரொபேர்ட் நொக்ஸின் வாழ்க்கை

சாம்பல்தீவிலிருந்து தெற்கே, திருகோணமலைத் துறைமுகத்தைக் கடந்து சென்றால் கொட்டியாரக் குடாவின் கரையில் மூதூர் இருக்கின்றது. அங்கு ஒரு புளியமரத்தின் கீழ் 1660ஆம் ஆண்டு தொடங்கிய சிறைவாழ்வொன்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர் ஒரு காட்டுவழிப் பயணத்தில் முடிவுற்றது. விடுமுறை நாள்களில் காடுகளில் கூடாரமடித்துத் தங்குவதிலும் கால்நடையாக உலாவருவதிலும் நம் இளைஞர் நாட்டம் கொண்டுள்ள இவ்வேளையில், அந்தக் கைதியின் வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

1641இல் இலண்டனில் பிறந்த ரொபேர்ட் நொக்ஸ், தம் தந்தையார் தலைமை தாங்கிய ஆன் என்னும் கப்பலில் கீழைத்தேயம் வந்தார். புயலில் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரத்தில் தங்கியபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் இருவரையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றனர். மறு ஆண்டே தந்தையார் காய்ச்சலால் மாண்டார். மகனோ தொப்பி பின்னியும், நெல்லைக் கடன் கொடுத்தும், ஊரூராகச் சென்று சில்லறைப் பொருள் விற்றும் வாழ்ந்தார்.

அந்த வணிகமே அவருக்குக் காட்டைக் கற்பித்தது. வழிகளையும் நீர்நிலைகளையும் ஊர்மக்களின் வழக்கங்களையும் அவர் அறிந்துகொண்டார். காட்டில் நீரற்றுப்போன வறட்சிக் காலங்களில் தப்பும் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார். பருவம் பார்த்துப் பொறுத்திருந்தமையே அவரைக் காத்தது எனலாம்.

1679 செப்டெம்பரில் நொக்ஸும் தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் புறப்பட்டனர். பத்து நாள்களுக்கான உணவு, சமைக்க ஒரு பாத்திரம், நீர் மொள்ளச் சுரைக்குடுவைகள், தீமூட்டும் கருவிகள், காலணி செய்ய மான்தோல், மழைக்குக் கூடாரமாகத் தாளிப்பனை ஓலைகள் இரண்டு ஆகியவை அவர்களது மூட்டையில் இருந்தன. அநுராதபுரத்தில் உலர்ந்த இறைச்சி வாங்கும் வணிகர்களாக நடித்துத் தங்கிய பின்னர், நம்மவர் அருவியாறு என்றழைக்கும் மல்வத்து ஓயாவைப் பின்பற்றி நடந்தனர். யானைகள் உலவிய அக்காட்டில் ஒருமுறை மரப்பொந்துக்குள் சேற்றிலும் ஈரத்திலும் ஒளிந்திருந்தனர். கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் இன்றைய பயணிகள் பெருமரப் பொந்துகளில் நின்று மகிழ்ந்து படம்பிடிக்கின்றனர். நொக்ஸுக்கோ அப்பொந்து உயிர்காத்த வீடாயிற்று. ஒக்டோபர் 18ஆம் நாள் இருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.

1681இல் வெளிவந்த அவரது இலங்கை வரலாற்று நூல் அவருக்கு அழியாப் புகழ் தந்தது. ஆயினும், மனத்தை உறுத்தும் உண்மையொன்றையும் நாம் மறைத்தல் ஆகாது. விடுதலையின் அருமையை அறிந்த அதே மனிதர், பின்னாளில் கப்பல் தலைவராகி, மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கும் வணிகத்திலும் ஈடுபட்டார். 1720இல் அவர் மறைந்தார்.

காடு அவருக்கு வழிவிட்டது, நீர் தந்தது, ஒளிந்துகொள்ள இடமும் தந்தது. அங்கு பெற்ற விடுதலையைப் பிறர்க்கும் உரியதென அவர் எண்ணவில்லை. நாமும் காட்டில் அமைதியைப் பெற்றுக்கொண்டு, நெகிழிப் போத்தல்களையும் அணையாத தீயையும் அதற்குக் கைம்மாறாக விட்டுவருவோமாயின், அவரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. தேவையானவற்றை மட்டும் சுமந்து, காட்டை அறிந்தோரிடம் கேட்டறிந்து, பருவம் பார்த்துச் செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்வோருக்கே நமது மாவட்டத்தின் காடுகள் நாளையும் எஞ்சியிருக்கும் என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.