சேர் பொன்னம்பலம் அருணாசலனார்

யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாகவுடைய பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாம் புதல்வராக, 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலனார். கொழும்புக் கொச்சிக்கடையிலே சிவாலயம் எடுப்பித்த தந்தையாரின் பத்தியும், தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் கல்வியும் இவரிடத்து ஒருங்கே சேர்ந்தன. கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இல் பகிரங்கப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இவரது மேற்பார்வையில் நடந்தது.

1913இல் உத்தியோகத்தினின்றும் நீங்கியபின் ஓய்ந்திருந்தாரல்லர். ஏழைகளுக்காகச் சமூக சேவைச் சங்கம் நிறுவினார். ஒப்பந்தந் தவறிய தோட்டத் தொழிலாளரைச் சிறையிலிடுஞ் சட்டத்தை நீக்குவதற்கு உழைத்தார். 1919 டிசெம்பரிலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் அக்கிராசனாதிபதியானார்.

இக்காங்கிரஸிலே தமிழர் எவ்வாறு சேர்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. பிரதேசவாரிப் பிரதிநிதித்துவத்தினால் தமிழர் நலன் குன்றுமென்று யாழ்ப்பாணச் சங்கத்தார் அஞ்சினர். அவ்வச்சந் தீர, மேல்மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனங் கிடைக்க ஆதரவளிப்போமென்று ஜேம்ஸ் பீரிஸ் முதலிய சிங்களத் தலைவர்கள் 1918இல் எழுத்தில் வாக்களித்தனர். அவ்வாக்கினை நம்பலாமென்று நம்மவருக்குப் பிணைநின்றவர் அருணாசலனாரே.

1921இலே தேர்தல் வந்தது. கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலனாரே அபேட்சகராவார் எனத் தமிழர் எதிர்பார்த்திருக்க, காங்கிரஸார் ஆதரவு ஜேம்ஸ் பீரிஸ் பக்கமாயிற்று. இனிச் செய்யத்தக்கது யாது? காங்கிரஸின் துணையின்றித் தனித்து நிற்பதா, ஒதுங்குவதா?

நிற்றற்குத் தக்க நியாயம் இருந்தது. வாக்குத் தவறினவரை வாக்காளர் முன்னிலையில் நிறுத்திக் கேட்பது முறையேயாம். தமையனார் இராமநாதனார் 1911இலே கற்ற இலங்கையர் ஆசனத்துக்கு நின்று, சிங்களவர் பலரது வாக்கினையும் பெற்று மார்க்கஸ் பெர்னாந்துவை வென்றமை யாவரும் அறிந்தது. ஆயினும் அவ்வெற்றிக்குச் சிங்களவருள் நிலவிய சாதிப் பிணக்கும் ஓரளவு துணையாயிற்று என்பதை மறைத்தல் உண்மையன்று. பத்தாண்டின் பின் அந்நிலை மாறிற்று. தனித்து நின்று தோற்பின், வாக்குத் தவறிய குற்றம் வாக்காளர் தீர்ப்பென்னும் போர்வையைப் பெறும். வெல்லினும், தாமே வளர்த்த காங்கிரஸ் இனவாரியாகப் பிளந்து பொருததென்னும் பழி நிலைக்கும்.

அருணாசலனார் போட்டியினின்றும் ஒதுங்கினார். ஆனால் வாய்மூடியிருந்தாரல்லர். காங்கிரஸை விட்டு வெளியேறினார். அவ்வாண்டிலேயே தமிழர் மகாசன சபை தோன்ற முன்னின்றார். 1923இலே இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தாபித்தார். 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி, தல யாத்திரையிலே, மதுரையிற் சிவபதமடைந்தார்.

அவர் நின்றிருத்தல் வேண்டும் என்பாரும், காங்கிரஸினுள்ளிருந்தே வழக்காடியிருத்தல் வேண்டும் என்பாரும் உளர். அன்று தொடங்கிய பிரிவு பின்னர் அகன்றதேயன்றிக் குறுகவில்லையாதலால், அவர் கூற்றை இலேசாகத் தள்ளுதல் தகாது. எனினும் நாம் கருதுவது இது: ஆசனம் தமக்குரியது, அதனை அவர் விடலாம். பிணையோ பிறருக்குரியது, அதனை விடுதற்கு அவருக்கு உரிமையில்லை. முன்னதை விட்டார், பின்னதன்பொருட்டு, முதுமையிலே, தாம் கட்டிய வீட்டினின்றும் வெளியேறினார்.

ஆசிரியர்களாகிய நாமும் நாடோறும் பிணை நிற்பவர்களே. ஊரவர் தம் பிள்ளைகளை நமது சொல்லை நம்பியே அனுப்புகின்றனர். வகுப்பிலே இச்சரித்திரம் சொல்லும்போது, அவர் பெற்ற பட்டங்களோடு நின்றுவிடாது, அவர் நில்லாத அத்தேர்தலையும் எடுத்துரைப்போமாக. அவர் செய்தது சரியோ என்று மாணாக்கர் வினவுவார்களாயின், இருபக்க நியாயத்தையுங் கூறி, அவர்களையே தீர்ப்புச் சொல்ல விடுவோமாக.