மயக்கத்திற்கு அளவு கண்ட மருத்துவர்

காலரா நோய் குடிநீரால் பரவுவதைக் கண்டுணர்த்தியவராகவே ஜான் ஸ்நோவை நாம் அறிவோம். அறுவை மருத்துவத்திற்கு அவர் ஆற்றிய தொண்டும் அதற்குக் குறைந்ததன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில், 1813இல், எளிய உழைப்பாளியின் மகனாக அவர் பிறந்தார்.

1846இல் ஈதர் ஆவி அறுவையின் வலியை வென்றது. உள்ளிழுத்த ஆவி நுரையீரல் வழியே குருதியில் கலந்து மூளையை அடைகிறது. முதலில் உணர்வு மங்கும். பின்னர்த் தசைகள் தளரும். அளவு மிகின் மூச்சும் அடங்கும். இந்நிலைகளை ஐந்தாக வகுத்து 1847இல் ஸ்நோ நூலொன்று எழுதினார்.

மறு ஆண்டில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் அளிக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். துணியில் ஊற்றி முகரச் செய்தமையால் ஆவி செறிந்து இதயத்தைத் தாக்கியது என்பது ஸ்நோவின் முடிபு. எனவே, ஆவியைக் காற்றுடன் அளவாகக் கலந்து தரும் கருவியை அவர் அமைத்தார். 1853இலும் 1857இலும் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றின்போது அம்மருந்தை அளித்தவரும் அவரே. 1858இல், தம் 45ஆம் வயதில் மறைந்தார்.

குளோரோஃபார்ம் இன்று வழக்கொழிந்தது. எனினும், புதிய மயக்க ஆவிகளையும் நூற்றுக்கு இத்தனை பங்கு என அளந்தே மருத்துவர் தருகின்றனர். அச்சமின்றி அறுவைக் கூடம் புகும் நாம் அப்பெருமகனாருக்குக் கடன்பட்டுள்ளோம்.