எண்ணெய்க் கிணற்றுப் பிசுக்கு வாசலின் ஆன கதை: ராபர்ட் செஸ்ப்ரோ எதில் சரி, எதில் தவறு?

மார்கழி பிறந்தால் ஏற்காட்டில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கும். சேர்வராயன் மலைச் சரிவுகளில் காபிப் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும். அதே சமயம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்று உலரத் தொடங்கும். பழம் பறிக்கும் விரல்களில் கீறல், குதிகாலில் பித்தவெடிப்பு, உதட்டில் தோல் உரிதல் என்று ஒவ்வொன்றாக வரும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீக்எண்டுக்கு வருபவர்களுக்கும் இதே நிலைமைதான். இரண்டு தரப்புக்கும் கடையில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றே: ஒரு சின்ன டப்பா பெட்ரோலியம் ஜெல்லி.

அந்த டப்பாவை உலகத்துக்குக் கொடுத்தவர் ராபர்ட் அகஸ்டஸ் செஸ்ப்ரோ. தன் கண்டுபிடிப்பை அவர் சும்மா நம்பவில்லை, தினமும் சாப்பிடும் அளவுக்கு நம்பினார். அந்த நம்பிக்கையில் ஒரு பாதியை அறிவியல் பின்னால் நிரூபித்தது. இன்னொரு பாதி, இன்றும் யாராவது பின்பற்றினால் ஆபத்து. எது எந்தப் பாதி என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது.

22 வயதில் ஒரு பயணம்

செஸ்ப்ரோ 1837 ஜனவரி 9-ல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். வளர்ந்தது நியூயார்க்கில். வேதியியல் கற்று, விளக்கெரிக்கும் எண்ணெயைச் சுத்திகரிக்கும் தொழிலில் இறங்கினார். மின்விளக்கு வராத காலம் என்பதால் நல்ல வருமானம் உள்ள தொழில்தான் அது.

1859 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்ற ஊரில் நிலத்தைத் துளைத்துப் பெட்ரோலியம் எடுத்தார்கள். பூமிக்கடியிலிருந்து மலிவாக எண்ணெய் வந்தால் பழைய விளக்கெண்ணெய்த் தொழில் என்ன ஆகும்? கையைப் பிசைந்துகொண்டு உட்காராமல், 22 வயது செஸ்ப்ரோ நேரே டைட்டஸ்வில்லுக்குக் கிளம்பிவிட்டார். புது எண்ணெயில் தனக்கு ஏதாவது வழி கிடைக்குமா என்று பார்ப்பதுதான் திட்டம்.

அங்கே அவர் கண்ணில் பட்டது எண்ணெய் அல்ல, அதன் கழிவு. பம்பு கம்பிகளில் கறுப்பாக, மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு சேரும். தொழிலாளிகள் அதை ராட் வாக்ஸ் என்று அழைத்தார்கள். பம்பு அடைத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதனால் அதன் மேல் எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனால் கையில் வெட்டுப்பட்டாலோ சுட்டுக்கொண்டாலோ, அதே தொழிலாளிகள் அதே பிசுக்கை எடுத்துத் தடவிக்கொண்டார்கள்.

செஸ்ப்ரோ செய்த முதல் நல்ல காரியம், அவர்கள் செய்வதைக் கவனித்தது. கூலித் தொழிலாளிகளின் கைப்பழக்கம்தானே என்று ஒதுக்கவில்லை. கொஞ்சம் பிசுக்கை எடுத்துக்கொண்டு நியூயார்க் திரும்பினார்.

10 வருடத்துக்கும் மேல் ஒரே வேலை

அந்தக் கறுப்புப் பிசுக்கை அப்படியே விற்க முடியாது. நாற்றமும் அழுக்கும் போக வேண்டும். பெட்ரோலியத்தைக் காய்ச்சி லேசான எண்ணெய்களைப் பிரித்து, மிச்சம் நிற்பதை எலும்புக் கரி வழியாக வடிகட்டும் முறையை அவர் படிப்படியாகச் செம்மைப்படுத்தினார். கடைசியில் கிடைத்தது வாசனையில்லாத, வெளிர் நிறத்தில் ஒரு வழவழப்பான ஜெல்லி.

1872-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வாசலின் என்ற பெயர் வந்தது அப்போதுதான். தண்ணீரைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையும் எண்ணெயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ஒட்டி வைத்த பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். காப்புரிமைப் பத்திரத்தில் அவர் பட்டியலிட்ட பயன்களைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். தோல் பதனிட, இயந்திரத்துக்கு மசகாக, தலைமுடிக்குப் பூச... கூடவே வெடித்த கைகளுக்கும்!

மருந்துக் கடைக்காரர்கள் உடனே வாங்கிவிடவில்லை. அதனால் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய் இலவச மாதிரிகள் கொடுத்தார். தன் தோலையே சுட்டுக்கொண்டு, மேலே ஜெல்லியைத் தடவி, பழைய காயங்கள் ஆறியிருப்பதைக் கூட்டத்துக்குக் காட்டினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இலவச மாதிரி தீர்ந்ததும் மக்கள் கடைக்குப் போய்க் கேட்டார்கள். கடைக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

நிறுவனம் பிறகு ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் குழுமத்துக்குள் போனது. 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தை உடைத்தபோது மறுபடி தனியானது.

அவர் சரியாகச் சொன்ன பாதி

நம் தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். செத்த செல்கள் செங்கல். இடையிலுள்ள கொழுப்பு, சாந்து. குளிர்ந்த உலர்காற்று, கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல், காரமான சோப்பு மூன்றும் அந்தச் சாந்தைக் கரைக்கின்றன. சுவரில் விரிசல் விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டும் பொருட்கள் உள்ளே போகும். அரிப்பு வருவது இதனால்தான்.

பெட்ரோலியம் ஜெல்லி அந்த விரிசலை மூடுகிறது. ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில் அதற்கு ஈடாக வேறு பூச்சுகள் அதிகம் இல்லை. ஆனால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. அது ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருப்பதைக் காப்பாற்றுகிறது. உடலில் ஏதோ மருந்துச் சக்தி அதில் இருப்பதாக செஸ்ப்ரோ நினைத்தார். உண்மையில் அது ஒரு நல்ல மூடி, அவ்வளவுதான்.

மூடுவது மட்டுமே காயத்துக்கும் உதவும் என்பது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஈரமாக மூடி வைத்த காயம், காயவிட்ட காயத்தைவிட வேகமாக ஆறுகிறது என்று 1962-ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வில் காட்டினார். 1996-ல் அமெரிக்காவில் சிறு தோல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் சாதா வெள்ளை ஜெல்லி, மீதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் களிம்பு. தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகளின் கைப்பழக்கத்தில் விஷயம் இருக்கத்தான் செய்தது.

அவர் தவறாகச் சொன்ன பாதி

பிரச்சினை, செஸ்ப்ரோ இதோடு நிற்காததுதான். தினமும் ஒரு ஸ்பூன் வாசலின் சாப்பிட்டார் என்பது அவரைப் பற்றித் தவறாமல் சொல்லப்படும் செய்தி. ஐம்பதுகளில் நுரையீரல் உறை அழற்சி வந்தபோது, நர்ஸை வைத்துத் தலை முதல் கால் வரை ஜெல்லி பூசிக்கொண்டு பிழைத்தார் என்றும் சொல்வார்கள். 1933 செப்டம்பர் 8-ல் நியூஜெர்சியில் இறந்தபோது அவருக்கு வயது 96. நீண்ட ஆயுளுக்கு வாசலின்தான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆனால் ஒரு மனிதர் 96 வயது வரை இருந்தது, அவர் சாப்பிட்ட எதற்கும் ஆதாரம் ஆகாது. தோலின் மேல் ஒரு மூடி நுரையீரல் நோயைக் குணப்படுத்தவும் முடியாது.

சொல்லப்போனால், நுரையீரலுக்கு அது எதிரி. மூக்கில் விடும் எண்ணெய் வகைகள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாக்குவதை மருத்துவ இதழ் ஒன்று 1925-லேயே பதிவு செய்தது. அப்போது செஸ்ப்ரோ உயிரோடு இருந்தார்.

இது அமெரிக்கக் கதை மட்டும் அல்ல. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. குழந்தை அதை உள்ளிழுத்துவிட்டால் இருமல்கூட வராமல் எண்ணெய் நுரையீரல் வரை போகலாம். பாட்டி காலத்துப் பழக்கமாக இருந்தாலும் இதை விட்டுவிடத்தான் வேண்டும். குளிர்கால மலைக்காற்றில் மூக்கு வறண்டால், பெரியவர்களும் இரவில் மூக்கின் உட்புறம் ஜெல்லி தடவிக்கொண்டு படுக்கக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்து போதும்.

தீக்காயத்திலும் அவர் காட்டிய வழி தவறு. சுட்ட உடனே ஜெல்லி தடவினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். டூத்பேஸ்ட், மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் நேரே மருத்துவமனை.

கொடைக்கானல் வரை வந்த பெயர்

1955-ல் செஸ்ப்ரோவின் நிறுவனம் பாண்ட்ஸுடன் இணைந்து செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் ஆனது. 1987-ல் யூனிலீவர் அதை வாங்கியது. தமிழ்நாட்டின் இன்னொரு மலை ஊருக்கு இந்தப் பெயர் வேறு விதத்தில் அறிமுகமானது. நியூயார்க் மாநிலத்தில் இருந்த அதன் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு வந்தது. அங்கிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடைக்குப் போனது தெரியவந்து, 2001-ல் ஆலை மூடப்பட்டது. அந்தப் பாதரசத்துக்கும் ஜெல்லிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு பொருளை எவ்வளவு நம்பலாம் என்பதை அதன் டப்பாவில் உள்ள பெயரை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

சரி, எப்படித்தான் யூஸ் பண்றது?

*ஈரத்தோடு தடவுங்கள்:* வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்த சில நிமிடங்களுக்குள் மெல்லிசாகத் தடவ வேண்டும். காய்ந்த தோலில் அப்பினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

*கையும் காலும்:* தோட்ட வேலை, பாத்திர வேலை செய்பவர்கள் இரவில் தடவி, பருத்திக் கையுறையோ சாக்ஸோ போடலாம். தடவிய வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். சர்க்கரை நோயாளிகள் கால் விரல் இடுக்கில் தடவக் கூடாது.

*நெருப்பு ஜாக்கிரதை:* ஜெல்லி ஊறிய துணியும் போர்வையும் தீப்பிடித்தால் வேகமாக எரியும். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பல முறை எச்சரித்திருக்கிறது. ஏற்காடு ரிசார்ட் கேம்ப்ஃபயராக இருந்தாலும், வீட்டு விறகடுப்பாக இருந்தாலும், பீடி சிகரெட்டாக இருந்தாலும் இது பொருந்தும். துணியைத் துவைத்தாலும் முழுதாகப் போகாது.

*பார்த்து வாங்குங்கள்:* லேபிளில் ஐ.பி. என்று இருந்தால், இந்திய மருந்துத் தரநூலின்படி சுத்திகரித்தது என்று அர்த்தம். இயந்திரத்துக்குப் போடும் மலிவு ரகம் தோலுக்கு ஆகாது. எரிச்சல் உள்ள தோலுக்கு வாசனை சேர்க்காததே நல்லது.

*எங்கே வேண்டாம்:* அழுக்குப் படிந்த காயம், ஆழமான குத்துக் காயம், சீழ் உள்ள இடம், படர்தாமரை ஆகியவற்றில் வேண்டாம். பரு வரும் முகத்திலும் தவிர்க்கலாம். ஆணுறையோடு பயன்படுத்தினால் ரப்பர் கிழியும்.

*கண்ட க்ரீம் வேண்டாம்:* அரிப்பு என்றதும் தெரிந்தவர் சொன்ன ஸ்டீராய்டு க்ரீமை வாங்கிப் போடும் வழக்கம் ஜெல்லியைவிடப் பல மடங்கு ஆபத்து. தோல் மெலிந்துவிடும், படர்தாமரை இன்னும் பரவும்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் குறையவில்லை, நீர் வடிகிறது, இரவில் வீட்டில் எல்லோருக்கும் அரிக்கிறது, சர்க்கரை நோயாளியின் குதிகால் ஆழமாக வெடிக்கிறது என்றால் அது வெறும் வறட்சி அல்ல. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

டைட்டஸ்வில் தொழிலாளிகள் அந்தப் பிசுக்கைத் தோலுக்கு மேலே மட்டும்தான் தடவினார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்தவர் செஸ்ப்ரோ. டப்பாவைத் திறக்கும்போது தொழிலாளிகளைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.