கிழவர்களை நம்பிய மானேஜர்

கனடா தேசத்தில் குளிர்காலம் வந்தால் ஏரி, குளம் எல்லாம் உறைந்து பாறையாகிவிடும். அந்தப் பனிக்கட்டியின் மேல் ஆடும் ஆட்டம்தான் ஐஸ் ஹாக்கி. காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய பூட்ஸ். கையில் வளைந்த மட்டை. பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டு. நம் ஊர் ஹாக்கியைவிட வேகம் அதிகம். ஆளை ஆள் இடித்துத் தள்ளுவதும் உண்டு.

நம் வீடுகளில் 35 வயதுக்காரரை யாரும் கிழவர் என்று சொல்வதில்லை. சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்களிடையே சொல்வார்கள். அப்படிப்பட்ட கிழவர்களையும் மீசை அரும்பிய வாலிபர்களையும் ஒரே கோஷ்டியில் சேர்த்து, நான்கு முறை கோப்பையை ஜெயித்தவர் பஞ்ச் இம்லாக்.

அவருடைய சொந்தப் பெயர் ஜார்ஜ். 1918 மார்ச் 15-ந் தேதி டொரான்டோ நகரில் பிறந்தார். ஒரு பந்தயத்தில் அடிபட்டு மயங்கி விழுந்தார். எழுந்தபோது, குத்துச்சண்டையில் அடி வாங்கியவர் போலத் தள்ளாடினார். அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் பஞ்ச்.

ஆட்டக்காரராக அவர் பெரிய பெயர் வாங்கவில்லை. யுத்த காலத்தில் ராணுவத்தில் இருந்தார். பிறகு கியூபெக் நகரக் கோஷ்டியில் ஆட்டக்காரர், பயிற்சியாளர், மானேஜர், பங்குதாரர் என்று 11 ஆண்டுகள் கழித்தார். அங்கே ஜீன் பெலிவோ என்ற வாலிபர் அவரிடம் ஆடினார். இந்தப் பெயர் மறுபடியும் வரும்.

கடைசி இடம்

அப்போது பெரிய போட்டியில் இருந்தவை ஆறே கோஷ்டிகள். ஒவ்வொன்றும் 70 பந்தயம் ஆட வேண்டும். முதல் நான்கு இடம் பிடித்தவை ஸ்டான்லி கோப்பைக்கு மோதும். 1958-ல் டொரான்டோவின் மேப்பிள் லீப்ஸ் கோஷ்டி ஆறாவது இடத்தில் கிடந்தது. அந்த ஆண்டு இம்லாக் அங்கே வந்தார். நவம்பரில் மானேஜர் பதவி கிடைத்தது. சில நாட்களிலேயே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே அந்த வேலையையும் எடுத்துக்கொண்டார்.

கோஷ்டியில் நல்ல வாலிபர்கள் இருந்தார்கள். மகாவ்லிச், பல்போர்டு, டப், புரூவர், பான் எல்லாருக்கும் 20 முதல் 22 வயதுதான். கால் வேகம் இருந்தது, நிதானம் போதவில்லை. நிதானத்தை இம்லாக் பழைய ஆட்களிடம் தேடினார். பாஸ்டன் கோஷ்டி விட்டுக்கொடுத்த 32 வயது ஆலன் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் சிறிய கோஷ்டிகளிலேயே காலம் தள்ளிவிட்டு அந்த ஆண்டு வந்து சேர்ந்திருந்த கோல் கீப்பர் ஜானி பவரை நம்பினார். பவருக்கு 34 வயது. தன் வயதைக் கேட்டால் அவர் மழுப்பிவிடுவார்!

ஐந்தே பந்தயங்கள் பாக்கி இருந்தபோது, நான்காவது இடத்திலிருந்த நியூயார்க் 7 புள்ளி முன்னால் நின்றது. டொரான்டோ தகுதி பெறும் என்று இம்லாக் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்திலும் ஜெயித்தார்கள். 1959 மார்ச் 22-ந் தேதி இரவு, கடைசிப் பந்தயத்தில், ஒரே புள்ளி வித்தியாசத்தில் நியூயார்க்கைத் தாண்டினார்கள்.

1960-ல் டெட்ராய்ட் கோஷ்டி ரெட் கெல்லியை விற்கப் பார்த்தது. 32 வயதான அவர் ஆட்டத்தையே விட்டுவிடுவதாகச் சொன்னார். இம்லாக் அவரோடு பேசி டொரான்டோவுக்கு அழைத்து வந்தார். காலமெல்லாம் பின்னால் நின்று தடுப்பவராக ஆடிய கெல்லியை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். அவருக்கு இரு பக்கமும் மகாவ்லிச், நெவின் என்ற இரண்டு வாலிபர்கள். பெரியவர் வட்டைப் பறித்துக் கொடுப்பார், வாலிபர்கள் பாய்வார்கள். 1960-61-ல் மகாவ்லிச் 48 கோல் போட்டார். இம்லாக்கின் மூளைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பின்வரிசையிலும் அப்படியே. ஸ்டான்லியும் ஹார்ட்டனும் அனுபவ ஜோடி. புரூவரும் பானும் இளம் ஜோடி. 1962, 1963, 1964 மூன்று ஆண்டும் கோப்பை டொரான்டோவுக்கு வந்தது.

மனம் நொந்த வாலிபர்கள்

ஆனால் இம்லாக்கின் நாக்கு பொல்லாதது. வேலை வாங்குவதிலும் கொடுமைக்காரர். பழையவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வாலிபர்களால் முடியவில்லை. மகாவ்லிச்சின் பெயரைக்கூட அவர் சரியாக உச்சரிக்கமாட்டார். மகாவ்லிச் மனம் தளர்ந்து ஆஸ்பத்திரிக்கே போனார். புரூவர் 1965-ல் கோஷ்டியை விட்டு விலகினார். டப், நெவின் இருவரையும் 1964-லேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்.

1967 தொடக்கத்தில் டொரான்டோ வரிசையாக 10 பந்தயங்களில் தோற்றது. இம்லாக்கின் உடம்பும் கெட்டது, ஆஸ்பத்திரியில் படுத்தார். அவருக்குப் பதில் கிங் கிளான்சி பொறுப்பேற்றார். அவர் அன்பாகப் பேசுகிற மனிதர். கோஷ்டி மறுபடியும் ஜெயிக்க ஆரம்பித்தது! இதை இம்லாக் யோசித்துப் பார்த்தாரா என்பது சந்தேகம்தான்.

அவர் திரும்பி வந்ததும், முதல் இடத்தில் இருந்த சிகாகோவைக் கோஷ்டி தோற்கடித்தது. இறுதியில் எதிரி மான்ட்ரியால். மே 2-ந் தேதி ஆறாவது பந்தயம். டொரான்டோ 2, மான்ட்ரியால் 1. ஒரு நிமிஷம்கூடப் பாக்கி இல்லை. மான்ட்ரியால் தன் கோல் கீப்பரை எடுத்துவிட்டு இன்னொரு ஆளை ஆட இறக்கியது. வட்டு டொரான்டோவின் கோல் அருகே போடப்பட வேண்டும்.

இம்லாக் அனுப்பிய ஆட்களைப் பாருங்கள். ஸ்டான்லி 41, கெல்லி 39, ஹார்ட்டன் 37, ஆம்ஸ்ட்ராங் 36, பல்போர்டு 31. கோலில் 37 வயது சாச்சுக். எதிரே வட்டுக்கு நின்றவர் பெலிவோ. கியூபெக்கில் இம்லாக்கிடம் ஆடிய அதே பெலிவோ! அவரை ஸ்டான்லி முட்டித் தடுத்தார். கெல்லி வட்டை எடுத்தார். பல்போர்டு வழியாக ஆம்ஸ்ட்ராங்கிடம் போனது. காலியாகக் கிடந்த கோலில் அவர் தள்ளினார். 3-1.

ஆனால் அந்தக் கோப்பைக்கான வெற்றி கோலைப் போட்டவர் 27 வயது பாப்பின். அந்தக் கோப்பை ஆட்டங்களில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. மறு ஆண்டு இம்லாக் அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்து, பியர் பிலோட் என்ற 36 வயதுக்காரரை வாங்கினார். பிலோட் ஒரே ஆண்டு ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். மகாவ்லிச்சும் 1968-ல் போய்விட்டார். 1969 ஏப்ரலில் பாஸ்டனிடம் நாலு பந்தயமும் தோற்ற உடனே இம்லாக்கை வேலையை விட்டு நீக்கினார்கள். 1967-க்குப் பிறகு 50 ஆண்டுகள் கடந்தும் டொரான்டோ அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

புது வீடு

1970-ல் பபலோ நகரில் புதுக் கோஷ்டி பிறந்தது. இம்லாக்கைக் கூப்பிட்டார்கள். இங்கே அவர் வாலிபர்களை வைத்து அஸ்திவாரம் போட்டார். முதலில் 19 வயது பெர்ரோ, மறு ஆண்டு மார்ட்டின், 1972-ல் ராபர்ட். இந்த மூவர் கூட்டுக்குப் பெரிய பெயர் கிடைத்தது. வாலிபர்களுக்குத் துணையாக 42 வயது ஹார்ட்டனைக் கொண்டுவந்தார். கனடாவில் வாழும் தமிழர்களும் காபி குடிக்கப் போகிறார்களே டிம் ஹார்ட்டன் கடை, அதைத் தொடங்கியவர் அவர்தான். 1974 பிப்ரவரியில் அவர் கார் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு பபலோ இறுதிப் போட்டி வரை போனது.

1979-ல் டொரான்டோ அவரை மறுபடியும் அழைத்தது. பழைய பிடிவாதமும் கூடவே வந்தது. கோஷ்டித் தலைவர் சிட்லரோடு சண்டை. சிட்லரின் உயிர் நண்பர் மக்டொனால்டை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார். சிட்லர் தலைவர் என்பதைக் காட்டும் எழுத்தைத் தன் சட்டையிலிருந்து பிய்த்து எடுத்தார். அதே சமயத்தில், முன்பு கோபித்துக்கொண்டு போன புரூவரை, 41-வது வயதில், திரும்ப ஆட அழைத்தவரும் இம்லாக்தான்.

இருதயம் இடம் கொடுக்கவில்லை. 1981-ல் அந்த வேலையும் முடிந்தது. 1987 டிசம்பர் 1-ந் தேதி, 69-வது வயதில் பஞ்ச் இம்லாக் காலமானார்.