சரிவில் நின்ற சங்கிலி

3 அலகு விசையும் 4 அலகு விசையும் செங்கோணத்தில் சேர்ந்தால் விளைவு விசை 5 என்று பேராசிரியர் எழுதியபோது என் மனம் ஒப்பவில்லை. மீதி 2 எங்கே போயிற்று? பித்தகோரஸ் தேற்றம் விடையைத் தந்தது, ஐயத்தைத் தீர்க்கவில்லை. தீர்த்தவர் சைமன் ஸ்டீவின்.

1548இல் புரூஜ் நகரில் பிறந்தவர்; கணக்கராயிருந்து, பின்னர் இளவரசர் மாரிஸிடம் பொறியாளரானார். 1586இல் வந்த அவரது எடையியல் நூலில் ஒரு படம் உண்டு. இரு சரிவுகள் கூடிய முக்கோணம். ஒரு சரிவு மற்றதைப்போல் இருமடங்கு நீளம். அதன்மேல் 14 சம குண்டுகள் கோத்த சங்கிலி வளையம். நீண்ட சரிவில் 4, குட்டைச் சரிவில் 2, கீழே தொங்குபவை 8.

நாலு குண்டுகள் இரண்டை இழுத்துவிடாவோ? இழுத்தால் வளையம் ஓயாமல் சுற்றவேண்டும். அது நடவாத காரியம். தொங்கும் எட்டும் இருபுறமும் சமமாக இழுப்பதால், அவற்றை அறுத்துவிட்டாலும் மேலுள்ளவை அசையா. அப்படியானால் எடை முழுவதும் சரிவின் வழியே இழுப்பதில்லை. சாய்வுக்கேற்ற பகுதியே இழுக்கிறது. இங்கிருந்துதான் விசைகளை முக்கோணத்தின் பக்கங்களாக வரையும் முறைக்கு வந்தார். என் 3-உம் 4-உம் ஒரே திசையில் 7, எதிரெதிரே 1, செங்கோணத்தில் 5. எதுவும் காணாமற் போகவில்லை. நான்தான் திசையை விட்டுவிட்டேன்!

அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் ஸ்டீவின் இந்நூலைத் தம் தாய்மொழியான டச்சிலேயே எழுதினார். 1620இல் மறைந்தார். கணிதத்துக்கு அவர் ஆக்கிய சொல்லின் வழிவந்த 'விஸ்குண்டே'யைத்தான் டச்சு மாணவர்கள் இன்றும் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள்.