உறைந்த ஆற்றில் உலகை அளந்தவர்: செல்சியஸ் வாழ்க்கைக் கதை

சித்திரை பிறந்துவிட்டால் புதுக்கோட்டைச் சீமையில் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடையிலும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் அதே பேச்சு. வெயில் சதம் அடித்துவிட்டது என்பார்கள் பெரியவர்கள். அது பாரன்ஹீட் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் 38 டிகிரி செல்சியஸ் என்பார்கள். இரண்டும் ஒரே வெயில்தான்.

செல்சியஸ் என்பது ஒரு மனிதரின் பெயர்.

நம் வெயிலுக்குக் கணக்குத் தந்த அந்த மனிதர், வெயில் நாட்டில் பிறந்தவர் அல்ல. பனி நாடாகிய சுவீடனில் பிறந்தவர். மூக்கில் விட்ட மூச்சு உறைகிற குளிரில், ஆறே ரோடாகிப் போன வடகோடியில், உலகத்தின் வடிவத்தை அளக்கப் போனவர்.

விஞ்ஞானிகள் வீடு

ஆண்டர்ஸ் செல்சியஸ் 1701-ஆம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி சுவீடன் நாட்டில் உப்சாலா நகரில் பிறந்தார்.

அவருடைய குடும்பம் படிப்பாளிகள் குடும்பம். தந்தை நில்ஸ் செல்சியஸ் வானநூல் பேராசிரியர். தந்தை வழித் தாத்தா மாக்னஸ் செல்சியஸ் கணித மேதை. தாய் வழித் தாத்தா ஆண்டர்ஸ் ஸ்போலே வானநூல் நிபுணர்.

மாக்னஸ் தாத்தாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுவீடனில் பழங்காலப் பாறைகளில் ரூனிக் என்ற எழுத்து வெட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு வகையை யாராலும் படிக்க முடியாமல் இருந்தது. அதைப் படித்துக் காட்டியவர் அவர்தான். சித்தன்னவாசலிலும் குடுமியான்மலையிலும் கல்லெழுத்தைக் கண்டு வளர்ந்த நம் மக்களுக்கு, அந்த வேலையின் அருமை எளிதில் விளங்கும்.

பேரப்பிள்ளையும் தாத்தாக்களைப் போலவே ஆனார். 1730-ஆம் ஆண்டில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வானநூல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது வயது 28. அதே ஆண்டில்தான் புதுக்கோட்டையில் விஜயரகுநாதராயத் தொண்டைமான் பட்டம் ஏறினார்.

பதவி கிடைத்தது. ஆனால் உப்சாலாவில் நல்ல வானாராய்ச்சிக் கூடம் இல்லை. நல்ல கருவிகளும் இல்லை. மற்ற நாடுகளில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவர, 1732-ல் புறப்பட்டார் செல்சியஸ். ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு என்று ஊர் ஊராகச் சென்றார்.

எலுமிச்சையா, பரங்கிக்காயா?

செல்சியஸ் பாரீஸ் நகரை அடைந்தபோது அங்கே ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டு வழக்கு அல்ல. விஞ்ஞானிகள் வழக்கு.

பூமி உருண்டை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படிப்பட்ட உருண்டை என்பதில்தான் சண்டை.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நடுவில் பருத்து, வடக்கிலும் தெற்கிலும் சற்றே தட்டையாக இருக்கும் என்று கணக்குப் போட்டார் இங்கிலாந்து நாட்டு நியூட்டன். அதாவது பரங்கிக்காய் மாதிரி. பிரான்சு நாட்டுக் காசினி குடும்பத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பிரான்சு முழுவதும் நிலத்தை அளந்தவர்கள். அந்த அளவுப்படி பூமி இரு முனையிலும் நீண்டு, எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

யார் சொல்வது சரி? அளந்து பார்க்க ஒரு வழி இருந்தது.

வடக்கு நோக்கி நடந்தால் துருவ நட்சத்திரம் மேலே உயர்ந்துகொண்டே போகும். புதுக்கோட்டையில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் தெரியும். சுவீடனின் வடகோடியில் 66 டிகிரி உயரத்தில், தலைக்கு மேலே நிற்பது போலத் தெரியும். இப்படி நட்சத்திரம் ஒரு டிகிரி உயர எத்தனை தூரம் போகவேண்டும் என்று அளக்க வேண்டும். பூமி தட்டையாக உள்ள இடத்தில் அதிக தூரம் போகவேண்டி வரும். நன்றாக வளைந்த இடத்தில் குறைந்த தூரமே போதும்.

பூமியின் நடுப்பகுதியில் அளக்க, 1735-ல் ஒரு பிரெஞ்சுக் குழு தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. வடக்கே அளக்க இன்னொரு குழு வேண்டும். அதற்குத் தலைவர் மோபெர்ட்டுயி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவரோடு சேர்ந்துகொண்டார் செல்சியஸ். குழுவில் முக்கியமான சுவீடன்காரர் அவர்தான்.

1735-ல் செல்சியஸ் லண்டன் சென்றார். ஜார்ஜ் கிரகாம் என்ற பெயர்பெற்ற கருவி நிபுணரிடம் நட்சத்திர உயரத்தை அளக்கும் அரிய கருவியைச் செய்து வாங்கினார். 1736 மே 2-ந் தேதி பிரான்சிலிருந்து கப்பல் புறப்பட்டது.

கொசுவும் குன்றும்

குழுவினர் ஜூன் மாதம் டோர்னியோ என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று அது சுவீடனுக்குச் சொந்தம். இன்று பின்லாந்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து அங்கே வருகிறது டோர்னே ஆறு. அதன் இரு பக்கமும் காடும் குன்றும்.

அந்தக் கோடையில் குன்றுக்குக் குன்று ஏறினார்கள். உச்சியில் மரங்களை வெட்டி, பட்டையை உரித்து, கூம்பு போல நட்டார்கள். வெள்ளையாகத் தெரியும் அந்தக் கூம்பை அடுத்த குன்றிலிருந்து பார்த்து, கோணம் அளந்தார்கள்.

ராத்திரி இல்லாத கோடை அது. சூரியன் மறைய மனமில்லாமல் அடிவானத்திலேயே நிற்கும். ஆனால் நிம்மதி இல்லை. கொசுவும் ஈயும் மேகம் போல மொய்த்தன. புகை மூட்டி, அந்தப் புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கோணங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் தரையில் ஒரு நீளத்தையாவது கோல் வைத்து அளந்தால்தான் மற்ற தூரங்களைக் கணக்கிட முடியும். காட்டிலும் மேட்டிலும் நேர்கோடாகக் கோல் வைக்க இடம் ஏது? சமதரை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது குளிர்காலத்தில் உறைந்துபோகும் டோர்னே ஆறு!

ஆகவே ஆறு உறையட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஆறே ரோடு

அந்த நாட்டில் குளிர்காலத்தில் ஆறுதான் ராஜபாட்டை. ஊருக்கு ஊர் போகிறவர்கள் பனிக்கட்டி மேல் சறுக்கு வண்டியில் போவார்கள். ஒற்றை ஆள் உட்காரும் சின்னப் படகு போன்ற வண்டி. அதை ஒரு கலைமான் இழுக்கும். வண்டிக்குச் சக்கரம் கிடையாது. கொஞ்சம் சாய்ந்தால் குடை சாய்ந்துவிடும். கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, விழாமல் சமாளிக்க வேண்டும்.

கலைமான் வளர்ப்பதில் வல்லவர்களான அந்த நாட்டுப் பழங்குடி மக்களுக்குச் சாமி என்று பெயர். நம் சாமிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!

1736 டிசம்பர் 21-ந் தேதி ஆற்றின் மேல் அளவு வேலை தொடங்கியது. வருஷத்தில் மிகச் சிறிய பகல் அது. மார்கழியிலும் நமக்குப் பதினொன்றரை மணி நேரப் பகல் உண்டு. அங்கே சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அந்தி வெளிச்சத்திலும், பனியின் வெண்மையிலும், வானத்தில் பச்சைத் திரை போல ஆடும் வடதுருவ ஒளியிலும் வேலை செய்தார்கள்.

முப்பது அடி நீளக் கோல்கள் எட்டு. எல்லாம் மரத்தால் ஆனவை. குழுவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு நாலு கோலாக எடுத்தார்கள். ஒரு கோலின் முனையில் அடுத்த கோல், அதன் முனையில் அடுத்தது. இரண்டு அடி ஆழப் பனி. அது மணல் போலக் காலுக்கடியில் நழுவியது.

கை விரலும் கால் விரலும் விறைத்தன. குடிக்க எடுத்துச் சென்ற பிராந்தி மட்டுமே உறையாமல் இருந்தது. அதைக் குடிக்கக் கிண்ணத்தை வாயில் வைத்தால், உதடு கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் ரத்தம் வந்தது.

ஒரு வாரத்துக்குள் வேலை முடிந்தது. அளந்த தூரம் சுமார் 9 மைல். இரண்டு குழுவின் கணக்கையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் வெறும் 4 அங்குலம்!

உறைந்த வெப்பமானி

1737 ஜனவரியில் குளிர் இன்னும் முற்றியது. டோர்னியோவில் வீட்டுக் கதவைத் திறந்தால், வெளிக்காற்று பட்டவுடன் அறையில் இருந்த ஈரம் பனித்தூளாகிச் சுழன்றது. மரச் சுவர்கள் படீர் படீர் என்று வெடித்தன.

சாராயம் நிரப்பிய வெப்பமானிகள் உறைந்தே போயின. பாதரச வெப்பமானி மட்டும் 37 டிகிரி கீழே இறங்கி நின்றது. ஆனால் அது ரெயோமூர் என்ற பிரெஞ்சுக்காரரின் கணக்கு. இன்னொரு நாட்டுக்காரரிடம் இன்னொரு கணக்கு. ஒருவர் சொல்லும் டிகிரி மற்றவருக்குப் புரியாத காலம் அது.

ஏப்ரலில் மோபெர்ட்டுயியும் செல்சியஸும் கலைமான் வண்டியில் காட்டுக்குள் ஒரு பயணம் போனார்கள். எழுத்து வெட்டிய அதிசயக் கல் ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்வி. கல்லைச் சுற்றியிருந்த பனியை நெருப்பு மூட்டி உருக்கினார்கள். இரண்டு வரிக் கீறல்கள் தெரிந்தன. ரூனிக் எழுத்து அறிந்த செல்சியஸ் உற்றுப் பார்த்தார். படிக்க முடியவில்லை. மனிதன் கீறியதா, இயற்கை கீறியதா என்று தீர்த்துச் சொல்லவும் முடியவில்லை. தாத்தா படித்ததைப் போலப் பேரனும் படித்தார் என்று கதை கட்டிவிடலாம். செல்சியஸ் அப்படிச் செய்யவில்லை.

பரங்கிக்காய் வென்றது

ஜூன் மாதம் பிரெஞ்சுக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். நடுவழியில் கப்பல் விபத்துக்கு உள்ளாகிக் கருவிகள் நனைந்தன. நல்லவேளையாக உயிரும் கணக்கும் தப்பின.

முடிவு என்ன? வடகோடியில் ஒரு டிகிரிக்கு உள்ள தூரம், பாரீஸ் பக்கத்துத் தூரத்தைவிட 700 மீட்டருக்கு மேல் அதிகமாக இருந்தது. அங்கே பூமி தட்டைதான். நியூட்டன் சொன்னதே சரி!

காசினி விடவில்லை. அளவில் பிழை உண்டு என்றார். பதில் சொல்ல முன்வந்தார் செல்சியஸ். 1738-ல் ஒரு நூலே எழுதி, காசினியின் பழைய அளவுகளில் உள்ள ஓட்டைகளைக் காட்டினார். தென் அமெரிக்கா போன குழுவின் கணக்கும் பின்னால் வந்தது. அதுவும் நியூட்டன் பக்கமே நின்றது.

இந்தக் கேள்வி பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. லாம்டன் என்ற ஆங்கிலேயர் 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே தரையை அளந்து, தெற்கு நோக்கி வந்தார். ஒரு டிகிரிக்கு எத்தனை தூரம் என்பதே அவருக்கும் கேள்வி. நம் பக்கத்து ஊரான தஞ்சாவூரில், 1808-ல் பெரிய கோவில் விமானத்தின் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கருவி விழுந்து அடிபட்டது. அவரே உட்கார்ந்து அதைச் சீர் செய்தார்.

தலைகீழ் வெப்பமானி

உப்சாலா திரும்பிய செல்சியஸ் சும்மா இருக்கவில்லை. 1741-ல் தம் ஊரில் வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தம் சகோதரியின் கணவர் ஹியோர்ட்டருடன் சேர்ந்து காந்த ஊசியைக் கவனித்தார். வடதுருவ ஒளி வானத்தில் ஆடும்போது கீழே காந்த ஊசியும் ஆடுகிறது என்று கண்டார்கள்.

பிறகு வெப்பமானியைக் கையில் எடுத்தார். எந்த நாட்டில் செய்தாலும் ஒரே கணக்குக் காட்டும் வெப்பமானி வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு இரண்டு புள்ளிகளைப் பிடித்தார். ஒன்று, பனி உருகும் நிலை. மற்றொன்று, தண்ணீர் கொதிக்கும் நிலை. கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் சோதித்து, அதற்கும் கணக்குச் சொன்னார். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே நூறு பங்கு. 1742-ல் இதை வெளியிட்டார்.

ஒரு வேடிக்கை. அவர் வைத்த கணக்கில் கொதிக்கும் தண்ணீருக்கு 0. உறையும் தண்ணீருக்கு 100! சூடு ஏற ஏற எண் குறையும்.

அதைத் திருப்பிப் பார்க்க அவர் நெடுநாள் இருக்கவில்லை. காச நோய் அவரைப் பிடித்தது. 1744 ஏப்ரல் 25-ந் தேதி உப்சாலாவில் காலமானார். வயது 42. திருமணம் செய்துகொள்ளவில்லை. பழைய உப்சாலா தேவாலயத்தில், மாக்னஸ் தாத்தாவின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த சில காலத்திலேயே எண்களைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். உறைநிலை 0 ஆயிற்று. கொதிநிலை 100 ஆயிற்று.

டோர்னே ஆற்று அளவையும் 1801 முதல் 1803 வரை ஸ்வான்பெர்க் என்ற சுவீடன்காரர் மீண்டும் அளந்தார். பழைய எண் சற்று மிகை என்று தெரிந்தது. ஆனால் பூமி தட்டை என்ற முடிவு மாறவில்லை. பூமியின் நடு விட்டம் வடதென் விட்டத்தைவிடச் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம் என்பது இன்றைய கணக்கு.

கடல் விஷயமும் இப்படித்தான். சுவீடன் கரையில் ஆண்டுக்கு ஆண்டு கடல் தாழ்வதைச் செல்சியஸ் கண்டார். 1731-ல் ஒரு பாறையில் நீர்மட்டத்துக்குக் கோடு வெட்டிவைத்தார். கடல் நீர் குறைகிறது என்று அவர் நினைத்தார். பழங்காலப் பனிப்பாறையின் பாரம் நீங்கியதால் நிலம்தான் உயர்கிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். காரணம் தவறு. கோடு சரி.

இன்று டோர்னே ஆற்றங்கரையில் நல்ல ரோடு போகிறது. சக்கரத்தில் ஆணி பதித்த கார்கள் நடுக்குளிர்காலத்திலும் அதில் ஓடுகின்றன. காருக்குள் இருப்பவர் வெளியே எத்தனை டிகிரி குளிர் என்று பார்க்கிறார். அது செல்சியஸ் கணக்கு. நூறு பங்கு என்ற பொருளில் சென்டிகிரேட் என்று வழங்கிவந்த அளவுக்கு, 1948-ல் உலக நாடுகளின் அளவை மாநாடு செல்சியஸ் என்று பெயர் சூட்டியது.

அவர் எழுதிய எண்களைப் பிறர் திருத்தினார்கள். திருத்துவதற்கு ஏற்றபடி ஒழுங்காக அளந்து, எழுதிவைத்துப் போனவர் அவர். அதனால்தான் பெயர் நிற்கிறது.